வெறுந்தரையில் கிடக்கும் குழந்தை: போர்ட்டினாரி பலிபீட ஓவியத்தை எப்படிப் பார்ப்பது?

கேள்வி இது: "ஹியூகோ வான் டெர் கூஸ் வரைந்த கிறிஸ்து பிறப்பு ஓவியத்தின் படத்தைப் பார்த்தேன். குழந்தை முன்னணையிலும் (தீவனத் தொட்டியிலும்) இல்லை, தாயின் மடியிலும் இல்லை, வெறுந்தரையில் கிடக்கிறது. மாதாவின் முகத்தில் சிரிப்பே இல்லை. யாரும் குழந்தைக்குக் கிட்டப் போகவில்லை. முன்வரிசையில் இருக்கும் வானதூதர்கள் பின்னால் இருக்கும் இடையர்களைவிடச் சிறியவர்களாக இருக்கிறார்கள். கீழே பூச்சாடி, கோதுமைக் கட்டு, ஒற்றைச் செருப்பு. எந்தப் பொருளுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு பட்டியல் தர முடியுமா?"

பட்டியல் தரலாம். ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பார்ப்பது, கனவுப் பலன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கனவை விளங்கிக்கொள்ள முயல்வது போன்றது. லில்லி என்றால் தூய்மை, சிவப்பு என்றால் இரத்தம் என்று தெரிந்துவிட்டால் படம் தெரிந்துவிட்டதாக ஒரு திருப்தி வரும். அடுத்த படத்துக்கும் அதே பதில்தான் கிடைக்கும். எந்தப் பொருளும் படத்துக்குள் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அந்தப் படமே எந்த இடத்தில் வைக்கப்படுவதற்காக வரையப்பட்டது என்றும் கேட்க வேண்டும். இந்த ஓவியத்தைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விக்கான பதில்தான் முதல் கேள்வியின் பூட்டைத் திறக்கிறது. ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன்.

இன்று ஃபுளோரன்ஸ் நகரின் உஃபிஸி அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்த ஓவியம் மூன்று பலகைகளால் ஆனது. நடுப்பலகை மட்டும் 253 சென்டிமீட்டர் உயரம், ஏறத்தாழ 304 சென்டிமீட்டர் அகலம். இருபுறமும் கதவுபோல மூடித் திறக்கும் இரண்டு இறக்கைப் பலகைகள். மூன்றும் விரிந்து நிற்கும்போது அகலம் ஆறு மீட்டரை நெருங்கும். உள்ளங்கை அளவுத் திரையில் இதைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் பிடிபடவே பிடிபடாது: இடையர்கள் ஏறக்குறைய ஆள் அளவில் இருக்கிறார்கள்.

வரையச் சொன்னவர் தொம்மாசோ போர்ட்டினாரி. ஃபுளோரன்ஸைச் சேர்ந்த மெடிசி வங்கியின் புரூஜ் நகரக் கிளைக்கு நிர்வாகி. புரூஜ் இன்றைய பெல்ஜியத்தில் இருக்கிறது. ஓவியர் பக்கத்து நகரமான கென்ட்டைச் சேர்ந்தவர். வரைந்த காலம் ஏறத்தாழ 1475. இதைக் கணித்த விதமே சுவையானது. இறக்கைப் பலகைகளில் போர்ட்டினாரியின் பிள்ளைகள் மூவர் மண்டியிட்டிருக்கிறார்கள்: அந்தோனியோ, பிஜெல்லோ என்ற இரு மகன்கள், மார்கெரீத்தா என்ற மகள். அவர்களுக்குப் பின் பிறந்த பிள்ளைகள் படத்தில் இல்லை. கடைசியாக இடம்பெற்ற பிஜெல்லோ பிறந்தது 1474-இல். அதிலிருந்து காலத்தை நெருக்கிப் பிடிக்கிறார்கள்.

ஆனால் படம் புரூஜ் நகருக்காக வரையப்படவில்லை. ஃபுளோரன்ஸில் சாந்தா மரியா நுவோவா என்றொரு மருத்துவமனை. 1288-இல் அதை நிறுவியவர் தொம்மாசோவின் முன்னோரான ஃபோல்கோ போர்ட்டினாரி. கவிஞர் தாந்தே பாடிய பெயாட்ரிச்சேயின் தந்தை என்று மரபு சொல்லும் அதே ஃபோல்கோ. அந்த மருத்துவமனையின் கோயிலான சான்ட் எஜிதியோவின் தலைமைப் பலிபீடத்துக்கு மேலே நிற்பதற்காகத்தான் இந்தப் படம் செய்யப்பட்டது. 1483-இல் கப்பலேறி, சிசிலியைச் சுற்றி, பீசா வழியாக ஆர்னோ ஆற்றில் வந்து, கடைசியில் பதினாறு சுமையாட்கள் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஓவியர் அதைப் பார்க்கவில்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

மருத்துவமனைக் கோயில், அதன் பலிபீடம்: இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படத்துக்குள் போகலாம்.

முதலில் கண்ணில் படுவது, அல்லது பட வேண்டியது, நடுவிலிருக்கும் வெற்றிடம். இவ்வளவு பெரிய படத்தின் மையத்தில் ஓவியர் ஒன்றுமே வைக்கவில்லை. மண்தரை. அதில் மெலிந்த, நிர்வாணமான, இப்போதுதான் பிறந்த ஒரு குழந்தை. உடலைச் சுற்றி மெல்லிய பொன் கதிர்கள். துணியில்லை, வைக்கோலில்லை. சுற்றிலும் ஒரு வளையமாக மாதா, அவர் கணவர் சூசையப்பர், வானதூதர்கள், இடையர்கள். எல்லாரும் அந்த இடத்தைப் பார்த்தபடி ஓர் எல்லையில் நின்றுவிடுகிறார்கள். பெற்ற தாய்கூட ஓரடி விலகித்தான் மண்டியிட்டிருக்கிறார். தரை பின்னோக்கிப் போகப் போக மேலே தூக்கப்பட்டதுபோல் சாய்ந்திருப்பதால் அந்த வெறுமை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. பெரும்பாலான பிறப்புக் காட்சிகளில் கூட்டம் குழந்தையை நெருக்கும். தாயின் கை அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். இங்கே ஒரு கைகூட நீளவில்லை.

குழந்தை தரையில் கிடப்பதற்கு ஓர் ஆதாரம் உண்டு. லூக்கா நற்செய்தி குழந்தையைத் துணிகளில் சுற்றி முன்னணையில் கிடத்தியதாகத்தான் சொல்கிறது; நம் வீட்டுக் குடில்களும் அதைத்தான் பின்பற்றுகின்றன. பழைய பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) மரபில் மாதா ஒரு குகையில் படுக்கையில் சாய்ந்திருப்பார். இத்தாலியில் 1305 வாக்கில் பதுவா நகரில் ஓவியர் ஜொத்தோ வரைந்தபோதும் மாதா படுத்தபடிதான் இருக்கிறார். இந்தக் காட்சியைத் தலைகீழாக மாற்றியவர் சுவீடனைச் சேர்ந்த புனித பிரிஜித். 1372-இல் பெத்லகேமுக்குத் திருப்பயணம் போனபோது தாம் கண்டதாக அவர் விவரித்த காட்சியில், மாதா காலணிகளைக் கழற்றிவிட்டு, கூந்தல் தோளில் புரள மண்டியிட்டு மன்றாடுகிறார்; நொடிப்பொழுதில், வலியில்லாமல் குழந்தை பிறந்து, ஒளிவீசியபடி தரையில் கிடக்கிறது. அந்த ஒளியின் முன் சூசையப்பர் கொண்டுவந்த மெழுகுவத்தி மங்கிப்போகிறது. இந்த விவரிப்பு ஐரோப்பா முழுவதும் பரவியது. அடுத்த நூறாண்டுகளில் வடக்கே வரையப்பட்ட கிறிஸ்து பிறப்பு ஓவியங்களில் பெரும்பாலும் மாதா படுப்பதில்லை, மண்டியிடுகிறார்.

ஆகவே தரையில் குழந்தை என்பது வான் டெர் கூஸ் கண்டுபிடித்ததல்ல. அவர் செய்தது அந்தத் தரையை அகலப்படுத்தியது. அதே ஆதாரத்தை வைத்து வரைந்த மற்றவர்கள் காட்சியை நெருக்கமாக, கனிவாக ஆக்கினார்கள். இவர் மட்டும் யாரும் காலடி வைக்கத் துணியாத ஓர் இடத்தை உண்டாக்கினார்.

இப்போது அளவுகள். முன்னால் இருப்பவர் பெரிதாகவும் பின்னால் இருப்பவர் சிறிதாகவும் தெரிவதுதான் கண்ணின் இயல்பு. 1475-இல் வாழ்ந்த ஒரு நெதர்லாந்து ஓவியருக்கு (இன்றைய பெல்ஜியமும் அன்று அந்தப் பெயருக்குள் அடங்கும்) இது தெரியாமல் இல்லை; பின்னணியில் விரியும் நிலக்காட்சியில் அந்த விதியை அழகாகவே கடைப்பிடிக்கிறார். மனிதர்களிடம் மட்டும் அதை மீறுகிறார். முன்வரிசையில் மண்டியிட்டிருக்கும் வானதூதர்கள் பொம்மை அளவில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், தூரத்தில் இருக்க வேண்டிய இடையர்கள் பெரிய உருவங்களாக வந்து விழுகிறார்கள். இறக்கைகளில் பணம் கொடுத்த வங்கிக்காரரும் மனைவியும் பிள்ளைகளும் தத்தம் பாதுகாவலர்களான புனிதர்களின் இடுப்பளவுக்குச் சற்றே மேலாக எட்டும் சிற்றுருவங்கள். அந்தஸ்துக்கேற்ப உருவ அளவு என்பது பழைய இடைக்கால வழக்கம்தான். ஆனால் பழைய வழக்கத்தில் இடையர்களுக்கு இந்த இடம் கிடைத்ததில்லை. மாதாவுக்கு ஈடான அளவில் மூன்று ஏழைக் கூலிக்காரர்கள், அவர்களில் பாதியாக ஊரையே விலைபேசக்கூடிய வங்கி நிர்வாகி. இதைச் சமூக விமர்சனம் என்று சொல்லிவிட எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் காசு கொடுத்தவரே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. தாழ்மையை வாங்கி மாட்டுவதும் அக்காலச் செல்வர்களின் பக்தியில் ஒரு பகுதி.

அந்த மூன்று இடையர்களை நிதானமாகப் பாருங்கள். ஓடிவந்த வேகம் இன்னும் உடம்பில் இருக்கிறது. ஒருவர் மண்டியிட்டுக் கைகூப்பிவிட்டார். அடுத்தவர் கைகளை விரித்தபடி, என்ன செய்வதென்று தெரியாமல் பாதி குனிந்திருக்கிறார். பின்னால் நிற்பவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எட்டிப் பார்த்து, வாய் பிளந்து நிற்கிறார். பல்வரிசையின் ஓட்டை தெரிகிறது. தாடியை மழித்துப் பல நாளான முகம், வெயிலில் காய்த்த தோல், வேலை செய்து தடித்த விரல்கள். வானதூதர்களின் முகங்கள் ஒன்றுபோல வெளிறி, அடங்கி இருக்கின்றன. இந்தப் படத்தில் உணர்ச்சியை மறைக்கத் தெரியாதவர்கள் இந்த மூவர் மட்டும்தான். சடங்கு முறையெல்லாம் அறியாமல் உள்ளே நுழைந்துவிட்டவர்கள் இவர்கள். சடங்கு என்று நான் சொல்வது உவமைக்காக அல்ல. படத்தின் கீழ்ப்பகுதியில் உண்மையிலேயே ஒரு சடங்குக்கான தட்டுமுட்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன.

படத்தின் அடிவிளிம்பில், குழந்தைக்கு நேர் முன்னால், பார்ப்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல மூன்று பொருள்கள். ஒரு கோதுமைக் கட்டு, தரையில் கிடைமட்டமாக. அதற்கு முன்னால் இடப்பக்கம் ஒரு மண்சாடி, வலப்பக்கம் ஒரு கண்ணாடிக் குவளை. கதைக்கு இவை தேவையே இல்லை. மாட்டுத்தொழுவத்தில் வைக்கோல் கிடக்கலாம். கதிர் உதிராத கோதுமைக் கட்டு எதற்கு? விலையுயர்ந்த இறக்குமதிச் சாடியில் பூ வைத்தது யார்? ஒரு பொருளைக் குறியீடாகப் படிக்கலாமா கூடாதா என்று நான் தீர்மானிப்பது பெரும்பாலும் இப்படித்தான்: அது அங்கே இருப்பதற்குக் கதையில் காரணம் இல்லை, ஆனால் ஓவியர் அதற்கு மிக நல்ல இடத்தைக் கொடுத்திருக்கிறார் என்றால், அது வேறு வேலையாக வந்திருக்கிறது.

கோதுமை என்றால் அப்பம். பெத்லகேம் என்ற ஊர்ப்பெயருக்கே எபிரேயத்தில் அப்பத்தின் வீடு என்று பொருள். "வானிலிருந்து இறங்கி வந்த அப்பம் நானே" என்று யோவான் நற்செய்தியில் இயேசு சொல்கிறார். இதோடு விட்டுவிட்டால் அது பட்டியல். இப்போது பலிபீடத்தைப் படத்துக்குக் கீழே கொண்டுவந்து வையுங்கள். அக்காலத்தில் குருவானவர் மக்களுக்கு முதுகைக் காட்டி, பீடத்தை நோக்கி நின்றுதான் திருப்பலி நிறைவேற்றுவார். எழுந்தேற்றத்தின்போது அவர் அப்பத்தை இரு கைகளாலும் தலைக்கு மேலே உயர்த்துவார். கோயிலில் இருப்பவர்கள் அந்த நொடியில் பார்ப்பது என்ன? உயர்த்திய அப்பம், அதற்குப் பின்னால், ஏறத்தாழ அதே நேர்கோட்டில், பூச்சாடிகள், கோதுமைக் கட்டு, தரையில் கிடக்கும் சிறு உடல். "இது என் உடல்" என்ற சொல்லுக்குப் பின்திரையாக அந்த உடல் நிற்கிறது. நடுவே அவ்வளவு வெற்றிடம் ஏன் என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த விடை இதுதான்: அந்தத் தரை தொழுவத்தின் தரையாக இருந்துகொண்டே ஒரு பீடமாகவும் ஆகிவிடுகிறது. பீடத்தின் மேல் காணிக்கையைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது.

இதை உறுதிப்படுத்துபவர்கள் வானதூதர்கள். இறக்கை முளைத்த இளைஞர்கள் என்று கடந்துபோய்விடாமல் அவர்களுடைய உடுப்பைப் பாருங்கள். வலப்புறம் முன்னால் மண்டியிட்டிருப்பவர்கள் பொன்னிழைப் பட்டில் தைத்த கோயில் திருவுடைகளை அணிந்திருக்கிறார்கள். ஒரு மேற்போர்வையின் கரையில் "தூயவர், தூயவர், தூயவர்" என்ற இலத்தீன் சொற்கள் இழைக்கப்பட்டிருக்கின்றன. திருப்பலியில் எழுந்தேற்றத்துக்குச் சற்று முன் பாடும் பாடல் அது. கோயில் உடுப்புகளை நன்கறிந்த ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். பூசைக்கு உதவி செய்யும் திருத்தொண்டர்கள் அணியும் உடைகள் இங்கே வகைவகையாக இருக்கின்றன. பூசை வைக்கும் குருவானவர் எல்லாவற்றுக்கும் மேலே அணியும் அந்த ஓர் உடை மட்டும் யார் மேலும் இல்லை. உதவியாளர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள், குருவைக் காணவில்லை. குரு யாரென்றால் தரையில் கிடப்பவர்தான், பலிப்பொருளும் அவரே. இந்த வாசிப்பு வெளிவந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது; எனக்கு இன்றும் அதில் குறை தெரியவில்லை.

சாடிகளுக்கு வருவோம். இடப்பக்கத்துச் சாடி இடுப்பு சற்று ஒடுங்கிய, நீள் உருளை வடிவம். ஸ்பெயினிலிருந்து வந்த, பளபளக்கும் மெருகு பூசிய மண்பாண்டம். ஐரோப்பிய மருந்துக்கடைகளில் களிம்பும் மருந்துச் சரக்கும் போட்டுவைக்கும் சாடியின் வடிவம் அது. மருத்துவமனைக் கோயிலுக்கு வந்த நோயாளிக்கும் அங்கே மருந்து அரைத்தவர்களுக்கும் அதை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. அவர்களுடைய அலமாரியில் இருந்த பாத்திரம்தான். மேலே தீட்டியிருக்கும் கொடியிலைகளைத் திராட்சை இலை என்று படிக்கிறார்கள்; பக்கத்தில் கோதுமை கிடப்பதால் அப்பமும் இரசமும் சேர்ந்துவிடுகின்றன. சாடிக்குள் ஆரஞ்சுச் சிவப்பில் லில்லி, கூடவே மூன்று ஐரிஸ் பூக்கள்: இரண்டு வெள்ளை, ஒன்று நீலம். கன்னிமரியாவுக்கு உரிய பூ வெள்ளை லில்லி. இங்கே அது சிவந்துவிட்டது. ஐரிஸின் இலை வாள்போல நீண்டு கூராக இருக்கும். குழந்தையைக் கோயிலில் காணிக்கையாக்கியபோது முதியவர் சிமியோன் தாயிடம் "உம் உள்ளத்தையும் ஒரு வாள் ஊடுருவும்" என்றாரே, அந்த வாளோடு இந்தப் பூவை முடிச்சுப் போடுவது அக்கால பக்தி மரபு.

வலப்பக்கத்துக் குவளை சாதாரணத் தண்ணீர்க் குவளை. இந்தப் படத்திலேயே எனக்கு மிகப் பிடித்த துண்டு இது. உள்ளே தண்ணீர் எந்த மட்டம்வரை இருக்கிறது என்று தெரிகிறது. காம்புகள் தண்ணீருக்குள் நுழையும் இடம் தெரிகிறது. கண்ணாடியைக் கடந்து போன வெளிச்சம் பின்னால் தெறிப்பதும் தெரிகிறது. எண்ணெய் வண்ணத்தை மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிக் காயவைக்கும் வட ஐரோப்பியத் தொழில்நுட்பம் இல்லாமல் இது கைகூடாது. முட்டைக்கரு கலந்த வண்ணத்தில் பழகிய ஃபுளோரன்ஸ் ஓவியர்கள் இதன் முன்னால் நின்று மலைத்ததில் வியப்பில்லை. கண்ணாடியை உடைக்காமல் கதிரவன் ஒளி அதைக் கடந்து போவதுபோல, கன்னிமை கெடாமல் மரியா கருத்தரித்தார் என்பது இடைக்கால மறையுரைகளில் திரும்பத் திரும்ப வந்த உவமை. ஆகவே குவளை வெறும் திறமைக் காட்சியும் அல்ல. அதில் மூன்று சிவப்புக் கார்னேஷன் பூக்கள். அறைந்த மூன்று ஆணிகளுக்கு என்கிறார்கள். ஊதாநிறக் கொலம்பைன் பூக்கள் ஏழு. மாதாவின் ஏழு வியாகுலங்களுக்கு (துயரங்களுக்கு) என்றும், தூய ஆவியின் ஏழு கொடைகளுக்கு என்றும் இரண்டு வாசிப்புகள் உண்டு. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பூவின் பெயரிலேயே புறாவைக் குறிக்கும் இலத்தீன் சொல் (கொலம்பா) ஒளிந்திருப்பதால், புறாவை அடையாளமாகக் கொண்ட தூய ஆவியை விலக்க முடியாது. பக்கத்துச் சாடியில் வாள் இருப்பதால் வியாகுலத்தையும் விலக்க முடியாது. தரையில் சிதறிக் கிடக்கும் சின்ன ஊதாப்பூக்கள் வயலட், தாழ்மைக்கு.

மாதா ஏன் சிரிக்கவில்லை என்று கேட்டீர்கள். அவருடைய பார்வை குழந்தையின் மேல் இருக்கிறது. நம் பார்வை குழந்தையை எட்டுவதற்கு இந்த ஆணிகளையும் வாளையும் கடந்தாக வேண்டும். பிறப்பைப் பார்க்கவந்தவரைச் சாவின் வழியாகத்தான் ஓவியர் உள்ளே விடுகிறார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். இடப்புறம் எழும் தடித்த தூண், தொழுவத்துக்குப் பொருந்தாத கனத்தோடு நிற்கிறது. பிரசவ நேரத்தில் மாதா ஒரு தூணில் சாய்ந்ததாகச் சொல்லும் இடைக்காலத் தியான நூல் ஒன்று உண்டு, பிற்காலத்தில் கிறிஸ்துவைக் கட்டிவைத்து அடித்த தூணையும் அது நினைவூட்டும். இடது மூலையில் கிடக்கும் ஒற்றைச் செருப்பு, சேற்றில் நடக்கப் போட்டுக்கொள்ளும் மரக்கட்டைக் காலணி, சூசையப்பருடையது என்பார்கள். எரியும் முட்செடியின் முன் மோசேயிடம் "உன் காலணிகளைக் கழற்று, நீ நிற்கும் இடம் புனித நிலம்" என்று சொல்லப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். யாரும் மிதிக்காத அந்த நடுத்தரைக்கு இந்தச் செருப்பு ஓர் அடிக்குறிப்பு. எருதும் கழுதையும் நற்செய்திகளில் இல்லை. பழைய ஏற்பாட்டில் எசாயா நூலின் முதல் அதிகாரத்திலிருந்து வந்து சேர்ந்தவை. பின்னாலிருக்கும் பாழடைந்த மாளிகையின் வாயிலுக்கு மேலே ஒரு யாழ் செதுக்கப்பட்டிருக்கிறது. அது இயேசுவின் முன்னோரான தாவீது அரசரின் வீடு என்பதற்கான அடையாளம். தொழுவத்தின் இருட்டில், எருதின் தலைக்கு அருகே, நகமும் பல்லுமாக ஒரு பேயுருவம் பதுங்கியிருப்பதை 1960-இல் ஒரு கலை வரலாற்றாசிரியர் கண்டு எழுதினார். அதுவரை ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லாக் குறியீடும் எல்லாப் பார்வையாளருக்கும் என்று வைக்கப்படுவதில்லை என்பதற்கு அதையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

இறக்கைகளில் காலம் இடமிருந்து வலமாக ஓடுகிறது. இடது இறக்கையின் பின்னணியில் பாறைச் சரிவில் சூசையப்பரும் நிறைமாதக் கர்ப்பிணியான மரியாவும். கழுதையிலிருந்து இறங்கி, அவர் கைத்தாங்கலாக நடக்கிறார். நடுப்பலகையின் பின்னால் இடையர்களுக்கு வானதூதர் செய்தி சொல்கிறார். வலது இறக்கையில், இலையுதிர்ந்த மரங்களுக்கு நடுவே, மூன்று ஞானிகளின் பரிவாரம். முன்னால் போன ஆள் ஊர்க்காரர் ஒருவரிடம் வழி கேட்கிறார். நடந்தது, நடப்பது, வரப்போவது எல்லாம் ஒரே நிலப்பரப்பில்.

இடது இறக்கையில் தொம்மாசோவின் பாதுகாவலரான புனித தோமையார் ஈட்டியோடு நிற்கிறார். இந்தச் சிறு விவரம் நமக்குச் சற்று நெருக்கமானது. ஈட்டியால் குத்தப்பட்டு அவர் மறைசாட்சியாக இறந்தார் என்பது மரபு. அந்த இடம் சென்னையின் பரங்கிமலை என்பது இங்குள்ள மரபு. ஃபுளோரன்ஸ் நகர வங்கிக்காரரின் குடும்பப் படத்தில் அந்த ஈட்டி நிற்கிறது. பக்கத்தில் மணியோடு வனத்து அந்தோணியார். வலது இறக்கையில் பறவைநாகத்தை மிதித்தபடி புனித மார்கரெட். பிரசவ வேதனையில் இருக்கும் பெண்கள் மன்றாடும் புனிதை. கூடவே நறுமணத் தைலச் சிமிழுடன் மகதலா மரியா. குடும்பத்தாரின் பெயர்ப் பொருத்தத்தால் வந்தவர்கள்தான். ஆனாலும் மருத்துவமனைக்குப் போகும் ஒரு பிறப்பு ஓவியத்தில் பிரசவத்தின் பாதுகாவலி நிற்பதைத் தற்செயல் என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நெதர்லாந்து ஓவியங்களில் அன்றாடப் பொருள்களுக்குள் சமயப் பொருள் மறைந்திருக்கிறது என்ற கொள்கையை 1953-இல் கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி விரிவாக முன்வைத்த பிறகு, ஓவியத்தில் இருக்கும் ஒவ்வொரு ஆணியையும் தட்டிப் பார்க்கும் பழக்கம் பெருகிவிட்டது. புறாவுக்கும் பூவுக்கும் எழுத்தாதாரம் காட்ட முடியும். எல்லாக் கல்லுக்கும் காட்ட முடியாது. இன்னொரு கண்ணியும் உண்டு. வான் டெர் கூஸ் தொழிலில் உச்சத்தில் இருக்கும்போதே பிரசெல்ஸ் அருகிலிருந்த சிவப்பு மடம் என்ற துறவு மடத்தில் சேர்ந்தார். 1480-ஐ ஒட்டி, ஒரு பயணத்திலிருந்து திரும்பும் வழியில் மனநோய் அவரைத் தாக்கியது; தாம் நரகத்துக்குத் தீர்ப்பிடப்பட்டவர் என்று புலம்பினார். தாவீது யாழ் மீட்டிச் சவுல் அரசரைத் தேற்றியதை நினைத்து, மடத்தின் தலைவர் அவருக்காக இசை வாசிக்க ஏற்பாடு செய்தார். இதையெல்லாம் அதே மடத்துத் துறவி ஒருவர் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். அதைப் படித்தவர்கள் உடனே இந்தப் படத்துக்கு ஓடிவந்து, மாதாவின் இறுகிய முகத்தில் ஓவியரின் மனச்சோர்வைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். படம் வரைந்தது நோய் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு. அந்த முகத்தின் கனத்துக்கு வாளும் ஆணியும் போதும். ஓவியரின் மருத்துவக் குறிப்பு தேவையில்லை.

கடைசியாக, இந்த வாசிப்பு சரியா என்று நீங்களே சோதிக்க ஒரு வழி. ஃபுளோரன்ஸின் சாந்தா திரினித்தா கோயிலில் தொமெனிக்கோ கிர்லாந்தாயோ 1485-இல் வரைந்த "இடையர்களின் ஆராதனை" படத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரையச் சொன்ன பிரான்செஸ்கோ சாசெத்தி அதே மெடிசி வங்கியின் தலைமை நிர்வாகி; அதாவது போர்ட்டினாரிக்கு மேலதிகாரி. புரூஜ் பகுதியை ஆண்ட பர்கண்டி கோமகன் சார்லஸுக்குப் போர்ட்டினாரி அள்ளிக்கொடுத்த கடன், 1477-இல் அந்தக் கோமகன் போரில் மாண்டதோடு மூழ்கிப்போய், புரூஜ் கிளையையே இழுத்து மூடும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தது. அந்தக் கிளை மூடப்பட்ட பிறகு வந்துசேர்ந்த படத்தைத்தான் சாசெத்தியின் ஓவியர் இரண்டே ஆண்டுகளில் நகலெடுக்கிறார்.

வலப்புறத்தில் மூன்று இடையர்கள், அதே மழிக்காத முகங்களோடு. ஒருவர் கைகூப்புகிறார். இன்னொருவர் குழந்தையைச் சுட்டிக்காட்டுகிறார். அவருக்குக் கிர்லாந்தாயோ தம் முகத்தையே கொடுத்துவிட்டார். முன்னணை இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துப் பொறித்த ரோமானியக் கல் சவப்பெட்டி. பின்னால் ஒரு வெற்றி வளைவு. பழைய ரோமின் கல்லறையிலிருந்து புதிய சமயம் பிறக்கிறது என்ற கருத்து, படித்த ஃபுளோரன்ஸ்காரருக்குப் பிடித்தமானது. குழந்தை இங்கேயும் தரையில்தான் கிடக்கிறது. ஆனால் மாதாவின் மேலாடை அதற்கடியில் விரிந்து கிடக்கிறது. குழந்தை கொழுகொழுவென்று விரலை வாயில் வைத்திருக்கிறது. எருதும் கழுதையும் சவப்பெட்டிக்கு மேலே எட்டிப் பார்க்கின்றன. எல்லாரும் நெருங்கி வந்துவிட்டார்கள். கிர்லாந்தாயோ இடையர்களை எடுத்துக்கொண்டார். அந்த வெற்றுத்தரையை எடுத்துக்கொள்ளவில்லை.